வெள்ளி, இரண்டு முதல் நான்கு வரை

பயிற்சி இரண்டு நாள்.
பேராதனையில், குளிரூட்டி பழுதான ஓர் அறை.
குளிரூட்டி தேவைப்படவுமில்லை,
ஹந்தானை மூடுபனி யன்னல் வழியே
இலவசமாக வந்துகொண்டிருந்தது.
பதினேழு புதிய விரிவுரையாளர்கள்.
ஆளுக்கொரு கோப்பு, ஒரு பேனா,
கழுத்தில் தொங்கவிட ஒரு பெயரட்டை.
என் பெயரில் ஓர் எழுத்துப் பிழை.
திருத்தவில்லை.

கலாநிதி ஹேவாபத்திரண அம்மையார் சொன்னார்:
ஐம்பது நிமிடத்துக்கு மூன்று விஷயம் போதும்,
நான்காவது உங்கள் பெருமைக்கு.
முதுகைக் கரும்பலகைக்குக் காட்டுங்கள்.
கேள்வி கேட்டால் ஏழு எண்ணும்வரை
வாயை மூடிக்கொண்டிருங்கள்.
முதல் கிழமையே பெயர்களைப் பாடமாக்குங்கள்.
பிள்ளை உள்ளே இருக்கும்போது கதவைச் சாத்தாதீர்கள்.
தீர்க்க முடியாததைத் தீர்ப்பதாகச் சொல்லாதீர்கள்.

எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன்.
இருபது வருடம் எழுதியெடுத்தே பாஸான கை,
அதற்கு வேறென்ன தெரியும்.

பின்னேரம் ஜோடிப் பயிற்சி.
ஒருவர் மாணவர், மற்றவர் ஆலோசகர்.
எனக்கு வாய்த்தவர் மண்ணியல் விரங்க.
அவர்தான் மாணவர்.
"பாடம் விளங்குது மேடம்,
நான் ஏன் இங்க இருக்கிறேன் என்பதுதான் விளங்கல்ல."
கோப்பின் நாற்பத்தோராம் பக்கம் சொன்ன அளவுக்குத்
தலையாட்டினேன்.
மணி அடித்தார்கள்.
விரங்க இன்னும் கொஞ்ச நேரம் மாணவராகவே இருந்தார்.
தேநீர் வந்தபிறகுதான்
மறுபடி விரிவுரையாளர் ஆனார்.

திங்கள், முதலாம் வருடம், புள்ளிவிபரவியல் அறிமுகம்.
நூற்றுப் பன்னிரண்டு பெயர்கள், ஆங்கில எழுத்தில்.
சிங்களப் பெயர்களை முதல்நாள் இரவே
விரங்கவுக்கு போன் பண்ணி
குறில் நெடில் கேட்டுக் குறித்து வைத்திருந்தேன்.
தமிழ்ப் பெயர்களை யாரிடம் கேட்பது,
நான்தானே தமிழ்.

முப்பத்தொன்பதாவது பெயர்:
"எலில்மாறன்."
பின்வரிசையில் யாரோ "கீச்" என்றார்கள்.
எலி வகுப்பு முழுக்க ஓடியது.
அவன் கையை உயர்த்தினான்.
திருத்தவில்லை.

ஆலோசனை நேரத்தை
மூன்று மொழியிலும் கதவில் ஒட்டினேன்.
முதல் வெள்ளி யாரும் வரவில்லை.
இரண்டாம் வெள்ளி ஒரு குரங்கு வந்து
பிஸ்கட் பக்கட்டோடு போனது.
ஏழாம் வெள்ளி, மூன்றே முக்காலுக்கு, அவன்.
கையில் ஓரம் நனைந்த படிவம்.
வரவு எண்பது வீதத்துக்குக் கீழே,
ஆலோசகர் கையொப்பம் வேண்டும்.

"எழில்மாறன்" என்றேன்,
நாக்கைத் தேவைக்கு மேல் வளைத்து.
அன்றைக்கு நான், என்று தொடங்கவும்
"பரவாயில்ல மிஸ்" என்றான்,
"பேங்க் புக்குலயும் அப்படித்தான் இருக்கு.
மகாபொல வர்றதே எலில்மாறனுக்குத்தான்."

சிரித்தோம்.
அதோடு விட்டிருக்கலாம்.
"ஏன் வகுப்புக்கு வாறதில்ல?" என்று கேட்டேன்.
எடுத்த எடுப்பில் கேட்கக் கூடாத கேள்வி,
பக்கம் நாற்பத்து மூன்று.
கண்டி டவுனில் சட்டென்று மழை பிடித்தால்
கடை ஷட்டர்கள் இறங்குமே,
முகம் அப்படி இறங்கியது.

ஏழு எண்ணினேன்.
ஏழு போதவில்லை.
இருபத்தாறில் சொன்னான்:
"ராத்திரில ஹோட்டல்ல கல்யாண சர்விஸ் மிஸ், கட்டுகஸ்தோட்டைல."
முப்பதில் சொன்னான்:
"ஆனா அது காரணமில்ல."
அதன் பிறகு எண்ணிக்கை தவறிவிட்டது,
தகரக் கூரையில் மழை பெரிதாகிவிட்டது.

கையொப்பமிட்டேன்.
செவ்வாய்க்கிழமைகளில் சுகாதார நிலையத்தில்
பேசுவதற்கு ஒருவர் இருப்பார் என்று
இலக்கத்தை எழுதிக் கொடுத்தேன்.
பஸ் டிக்கட்டை மடிப்பதுபோல மடித்து
சட்டைப் பையில் வைத்தான்.
பஸ் டிக்கட்டை யாரும் திரும்ப எடுத்துப் பார்ப்பதில்லை.

அடிக்கட்டை எனக்கு. அதில் இரண்டு பெட்டிகள்.
ஆலோசனை வழங்கப்பட்டது: ஆம். இல்லை.
அலுவலகத்தில் நிலாம் நானா
கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.
"ஆமெண்டு போடுங்க மிஸ்,
எல்லாரும் அப்படித்தான் போடுற."

ஆலோசகர் பெயர் என்ற இடத்தில்
என்னை அச்சடித்திருந்தார்கள், அதே பிழையோடு.
அதை வெட்டி, மேலே சரியாக எழுதினேன்.
பெட்டிகளைத் தொடவில்லை.

நிலாம் நானா முத்திரையைத் தூக்கினார்,
கொஞ்சம் யோசித்தார்,
மைத்தட்டிலேயே திரும்ப வைத்தார்.
"அப்ப அடுத்த வெள்ளி கொண்டுவாங்க."