ஏழு புள்ளி ஒன்பது எட்டு

ஆலையின் எடைமேடையில் எனக்குப் பதினோரு வருசம்.
செம்பனைக் குலையோடு லோரி ஏறும்,
எண் ஓடி நிற்கும், ரசீது கிழிப்பேன்.
மழைத்தண்ணீர் எவ்வளவு, மணல் எவ்வளவு,
அடியில் அழுகலை ஒளித்தவன் யார்,
எல்லாம் எடையிலேயே தெரிந்துவிடும்
என்று நினைத்திருந்தேன்.

சனிக்கிழமை மதியம் சன்னாசி வந்தார்,
லோரி இல்லாமல், மடிப்புக் கலையாத சட்டையில்.
'நீங்களும் கூட வாங்க, தராசு தெரிஞ்சவங்க.'

சிலிம் ரிவர் பழைய கடைத்தெரு.
சீன மருந்துக்கடை மாடியில்
தவுக்கே லோக்கின் மேசை.
பச்சைத் துணி, ஒற்றை விளக்கு.

கைக்குட்டையை அவிழ்த்தார் சன்னாசி.
மூன்று பவுன்.
ஒரு பக்கம் வெள்ளைக்கார ராஜா,
மறுபக்கம் குதிரைமேல் ஒருத்தன்,
தொப்பியைத் தவிர உடம்பில் துணி இல்லை,
உடும்பு மாதிரி எதையோ மிதித்துக்கொண்டு.

முதல் காசில் வளையம் பற்றவைத்த தழும்பு,
யார் கழுத்திலோ தொங்கியது.
லோக் அதைக் கண்ணாடிக்குக்கூடக் கொண்டுபோகவில்லை.
'இது தங்கம்' என்றார்.
'இது செங்கல்' என்பதுபோல் இருந்தது.

மற்றவை இரட்டைப் பிள்ளைகள்.
ஒரே வருசம். குளம்புக்குக் கீழே
எறும்புக்கால் பருமனில் ஒரே எழுத்து, எஸ்.
சிட்னி என்றார், மூச்சை விடாமல்.
வருசத்தை வெளியே சொல்ல வேண்டாம் என்றார்,
நானும் சொல்லப் போவதில்லை.
அந்த வருசத்துக் காசெல்லாம் பெட்டி பெட்டியாய்
உலைக்கே திரும்பிப் போனதாம்.
நமக்குப் பவுன் என்பது எடை.
அவருக்கு அது ஒரு வருசம், ஓர் எழுத்து,
உருகிப்போன மற்றவை எல்லாம்
மிஞ்சியதன் தோளில் ஏறி உட்கார்ந்த கனம்.

அவருடைய சின்னத் தராசில் நானே வைத்தேன்.
ஏழு புள்ளி ஒன்பது எட்டு.
அடுத்தது.
ஏழு புள்ளி ஒன்பது எட்டு.

ஒன்று மங்கல், செம்பேறி,
ராஜாவின் தாடிக்குள் கருப்பாய் அழுக்கு.
மற்றது கண்ணைக் கூசியது.
லோக் அதை விளக்கடியில் சாய்த்தார், திருப்பினார்,
கீழே வைத்தார், விளக்கையும் அணைத்தார்.
'யார் தேய்ச்சது?' தமிழில்தான் கேட்டார்.

'வீட்டுக்காரி, புஷ்பராணி.'
சன்னாசிக்குக் கொஞ்சம் பெருமைதான்.
'கடைக்குப் போற சாமான் அழுக்காவா போகணும்னு
ராத்திரி புளி, பல்பொடி, பழைய பிரஷ்.
அடுத்ததுக்கு வர்றதுக்குள்ள
பல்பொடி தீர்ந்துபோச்சு, மன்னிச்சுக்கணும்.'

அழுக்குக் காசுக்கு ஒரு தொகை எழுதினார் லோக்.
சுத்தக் காசுக்கு ஒரு தொகை.
சன்னாசி இரண்டு தாளையும் அருகருகே வைத்துப் பார்த்தார்.
'இதுல ஒரு சைபர் விட்டுப்போச்சு, தவுக்கே.'
'இல்லை.'

கண்ணாடியை என்னிடம் நீட்டினார்.
ராஜாவின் கன்னமெங்கும் கீறல்,
மயிரிழை மயிரிழையாய், எல்லாம் ஒரே சாய்வு.
வலது கைக்காரி,
அவசரக்காரி இல்லை.

படியிறங்கும்வரை சன்னாசி பேசவில்லை.
மருந்துக்கடை ஓரமாய் நின்று
வெள்ளியை எண்ணி மூன்று உறையில் போட்டார்,
மூன்றிலும் சமமாக.
'எல்லாம் ஒரே விலைன்னு சொல்லிடுங்க.
நீங்க சொன்னா நம்புவா.'

திங்கட்கிழமை புஷ்பராணி வந்தாள்,
அவருக்குச் சோற்றுத் தூக்கோடு.
'ஒரே விலையாமே அக்கா?
பளபளன்னு தேய்ச்சுக் குடுத்ததுக்கு
பத்து வெள்ளி கூட வைக்கலியே அந்தத் தவுக்கே!'

பின்னால் லோரி ஹாரன் அடித்தது.
எண் ஓடி நிற்கும்வரை
திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

'எடை ஒண்ணுதானே' என்றேன்.
அது பொய்யில்லை.
ரசீதைக் கிழித்தேன்.