ஒன்றரை ஷிப்ட்

பீலெஃபெல்ட் ரயில் நிலையத்துக்குப் பின்னால்
மூன்றாம் மாடியில் எனக்கொரு மேசை,
ஒரு ஹெட்போன், ஒரு படிவம்.
செவ்வாயும் வியாழனும் ஆறு மணித்தியாலம்.
திருப்பூரிலிருந்து வரும் குரல்களைக் கேட்டு
ஜெர்மனில் எழுதிக் கொடுக்க வேண்டும்.
புகார் என்றால் முதல் கட்டத்தில் புள்ளடி.
தீர்ந்தது என்றால் இரண்டாவதில்.

பெயர் சொல்லாத குரல் ஒன்று.
பின்னால் ஓவர்லாக் மிஷின் இரைகிறது.
"மேடம், இந்த மாசம் பூராவும்
ஒன்றரை ஷிப்ட்டுங்க."

அப்படியே எழுதினேன்.
வீப்கெ ஹோல்ட்காம்ப்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டாள்:
"ஒரு ஷிப்ட் தெரியும். இரண்டும் தெரியும்.
அரை எங்கிருந்து வருகிறது?"
நல்ல மனுசி.
தெரியாமல்தான் கேட்டாள்.

எனக்கும் தெரியாது.
நான் உரும்பிராயில் பிறந்தவள்.
எனக்குப் பனியன் ஓர் உடுப்பு,
அவளுக்கு அது கம்பெனியின் பெயர், ஊரின் பெயர்,
மாதக் கடைசியில் கைக்கு வருகிற அல்லது வராத ஒன்று.
கேள்வியை என் குரலிலேயே பதிந்து அனுப்பினேன்.

"காலைல எட்டரைக்கு உக்காந்தா
ராத்திரி ஒம்பதுக்கு எந்திரிப்போம்ங்க.
இருட்டுனதுக்கப்புறம் இருக்கறது அரை.
மேடம் நீங்க சிலோனுங்களா?
பேச்சு தேன்குழலாட்டம் சுத்தி சுத்தி வருது."
கடைசி இரண்டு வரிக்குப்
படிவத்தில் இடமில்லை.

அடுத்த கிழமை, டோக்கன்.
நீலப் பிளாஸ்டிக் வில்லை,
நாற்பது பேருக்கு இரண்டு.
அது கையில் இருந்தால்தான்
கழிவறைப் பக்கம் போகலாம்.
இதற்கு வீப்கெ விளக்கம் கேட்கவில்லை.
அன்று மாலை ஆறரை வரை உட்கார்ந்து
காரமான கடிதம் ஒன்று எழுதினாள்.
பற்களுக்கிடையில் பேனா மூடி நெரிந்தது.

மூன்று கிழமையில் அதே குரல்:
"டோக்கன எடுத்துட்டாங்க மேடம்.
இப்ப சூப்பர்வைசர் போன்ல டைம் பாக்கறாரு.
பரவால்லைங்க.
இப்பல்லாம் தண்ணி குடிக்கறேன்.
முந்தி மத்தியானம் வரைக்கும் குடிக்கவே மாட்டேன்."

இதற்கு எந்தக் கட்டம்?
இரண்டிலும் புள்ளடி போட்டேன்.
கணினி சிவந்து திருப்பியது.

எங்கள் மாடிக்கும்
மேலே நாலாம் மாடிக்கும்
அச்சுப்பொறி ஒன்றுதான்.
என் தாளை எடுக்கப் போனபோது
அதன்மேல் சூடாய்க் கிடந்தது கொள்முதல் பிரிவின் தாள்.
அதே ஆலை எண்.
நாற்பதாயிரம் சட்டை அறுபதாயிரமாகியிருந்தது.
கப்பல் ஏறும் திகதி பன்னிரண்டு நாள் முன்னால்.
விலை, சட்டைக்கு ஒன்பது சென்ட் குறைவு.
வீப்கெ கடிதம் எழுதினாளே,
அதே திங்கட்கிழமை.

பின்பக்கத்தில் பென்சிலால் கணக்குப் போட்டேன்.
பள்ளிக்கூடத்தில் கணக்கில் நான் பெரிய ஆள் இல்லை.
ஆனாலும் வகுத்து, பெருக்கி,
மறுபடி வகுத்தபோது
மீதி வந்தது
ஒவ்வொருத்திக்கும் மூன்றரை மணித்தியாலம்.

படிவத்தின் அடியில் இரண்டு வரி இடம் உண்டு:
மொழிபெயர்ப்பாளர் குறிப்பு,
ஐயமான சொற்களுக்கு மட்டும்.
என் ஒப்பந்தம் மார்ச் வரைக்கும்.
வீட்டு வாடகை அதற்குப் பிறகும்.
எழுதினேன்:
"அரை ஷிப்ட்.
நாலாம் மாடியில் வெட்டி அனுப்பப்படுவது.
இணைத்துள்ள தாளைப் பார்க்க."

வீப்கெ படித்தாள்.
மறுபடி படித்தாள்.
என் பென்சில் கணக்கில் ஓரிடத்தில்
ஒரு சைபரைத் திருத்தினாள்.
கோப்பில் வைக்கவில்லை, கிழிக்கவும் இல்லை.
லிஃப்ட் வரை போய், நின்று,
படிக்கட்டுக் கதவைத் திறந்தாள்.
காலடி மேலே போனதா கீழே போனதா,
கதவு மூடிவிட்டதால் கேட்கவில்லை.

ஹெட்போனை எடுத்து மாட்டினேன்.
புதிய குரல், இன்னும் இளசு.
"ஹலோ, மேடம்? லைன்ல இருக்கீங்களா?"
பதிவுதான். பதில் அங்கே போகாது.

"இருக்கிறன்" என்றேன்.