நாளுக்கு நாலு கால்

முப்பத்துநாலு மில்லிமீட்டர்.
டாக்டர் சொல்லும் முன்பே எனக்குத் தெரியும்.
ஜேக்கப்ஸ் தையல் ஆலையில் பதினொரு வருஷம்;
கெருஷ்ணியின் பள்ளிக் காற்சட்டையில்
இடப்பக்கம் மட்டும் மடித்துத் தைப்பவளும் நானே.

பிசியோதெரபிப் பெண் பொம்மையோடு வந்தாள்.
அதன் காலைச் சுற்றி நாலு வளையம்,
துணிச் சதையில் நுழைந்து
மறுபக்கம் வெளிவந்த எட்டுக் கம்பி,
சைக்கிள் ஆரம் மாதிரி.
எலும்பை அறுத்து, ஒரு வாரம் விட்டு,
பிறகு தினம் நாலு தரம் திருகாணியைத் திருப்பணும்,
ஒரு தரத்துக்குக் கால் மில்லிமீட்டர்.

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில்
கால், அரை, முக்கால் வரை வந்தவள்
"காலுக்குக் காலா!" என்று சிரித்தாள்.
சிஸ்டர் நொம்புசோவுக்கு விளக்கப் பார்த்தேன்.
ஆங்கிலத்தில் அது வெறும் கணக்கு.

ஊதா மையில் டாக்டர் இடது தொடையில் அம்பு போட்டார்.
அவர் போனதும் இவள் வலது தொடையில்
"இது இல்லை" என்று எழுதிக்கொண்டாள்.
ஸ்பிரிட் பஞ்சோடு ஓடிவந்தாள் நொம்புசோ:
எழுத்து எந்தக் காலில் இருக்கிறதோ
அந்தக் காலைத்தான் பார்ப்பார்களாம்.

ஒன்பது மணிக்கு விளக்கைக் குறைத்தார்கள்.
"வலிக்குமா?"
"எறும்பு கடிச்ச மாதிரி."
என்னைப் பார்த்தாள்.
"சாகி மாமாவுக்குப் போன் போடு."

டொங்காட்டில் என் அண்ணன்.
தைப்பூசத்துக்குத் தைப்பூசம் முதுகெல்லாம் கொக்கி,
கொக்கிதோறும் எலுமிச்சை.
இறக்கியதும் எல்லாரிடமும் ஒரே பதில்:
ஒண்ணும் தெரியல, அவன் பார்த்துக்கிட்டான்.

போனில் கிரிக்கெட் சத்தம். பிறகு அதுவும் இல்லை.
"வலிச்சது பாப்பா.
முதல் கொக்கிக்கு ரொம்ப.
நாலஞ்சுக்கு அப்புறம் எண்ணுறதை விட்டுட்டேன்."
பின்னால் அண்ணி: "என்ன சொல்ற நீ?"

"எத்தனை மாமா?"
"ஐம்பத்துநாலு."
"எனக்கு எட்டுதான். மயக்க ஊசியும் உண்டு."
கொஞ்சம் யோசித்து,
"உங்களுக்குத்தான் பாவம்" என்று போனை வைத்தாள்.
பொம்மையை என் பக்கம் தள்ளிவிட்டுத்
தூங்கிப்போனாள்.

பன்னிரண்டுக்கு மேல் ஒன்றும் தரக்கூடாது.
பிஸ்கட்டை என் பையில் ஒளித்தபோது
காற்சட்டை கையில் பட்டது.
வளையம் நுழைய இடப்பக்கத்தைப் பிரித்து
வெல்க்ரோ வைத்திருந்தேன்.
கீழ் மடிப்பை விரலால் தடவினேன்.
எந்த வருஷமும் துணியை வெட்டியதில்லை.
மடித்தது முழுக்க
உள்ளேதான் இருக்கிறது.