நூற்றைம்பது மீட்டர்

ஆண்டில் பதினோரு மாதம் அஞ்சல் வேன் ஓட்டுகிறேன்,
எஸ்தோனியாவின் தென்கோடி மண்சாலைகளில்.
பெட்டிக்குப் பெட்டி நின்று, கண்ணாடி இறக்கி,
மின்கட்டணம், மருந்துக்கடை விளம்பரம்,
எப்போதாவது கையால் எழுதிய ஒன்று.

நவம்பரில் படை அழைக்கும்.
அந்தக் கடிதத்தையும் என் பெட்டியில்
நானேதான் போட்டேன்.

இந்த முறை துப்பாக்கியின் அடியில் இன்னொரு குழல்.
நாற்பது மில்லிமீட்டர் வாய். ஒன்றரைக் கிலோ.
"பழையது முன்னால் நகர்ந்து திறக்கும், நீளக் குண்டு நுழையாது.
இது கதவு மாதிரி," என்றான் சார்ஜென்ட் உர்மோ.
"பக்கவாட்டில் திறக்கும். எந்த நீளமும் போகும்.
இடக்கைக்காரர்களுக்கு மறுபக்கமும்."

நான் இடக்கைக்காரி.
என்னை நினைத்து ஒரு பொருளைச் செய்தவர்கள்
இவர்கள்தாம் முதல்.
ஒரு கத்தரிக்கோல்கூட
அப்படி வாய்த்ததில்லை எனக்கு.

சத்தம் பெரிதில்லை.
ஈரத் தலையணையைத் தரையில் போட்டது போல
ஒரு தொப்.
குண்டு போவது கண்ணுக்குத் தெரிகிறது.
அதுதான் எனக்கு ஆகவில்லை:
அவசரமே இல்லாமல் வளைந்து போய் இறங்குகிறது,
முகவரி தெரிந்த ஆள் போல.
பயிற்சிக் குண்டு. உள்ளே ஆரஞ்சுப் பொடி.
பனியில் பூசணி உடைந்த மாதிரி ஒரு கறை.

உண்மைக் குண்டு உறங்கியபடிதான் கிளம்புமாம்.
குழலின் மரைகள் அதைச் சுழற்றிவிடும்,
சுற்றுகளை அது உள்ளுக்குள் எண்ணும்,
முப்பது மீட்டர் தாண்டித்தான் கண் விழிக்கும்.
அதற்குள் பிர்ச் மரத்தில் மோதினால் வெறும் இரும்பு.
"உங்களைக் காப்பாற்றத்தான்."
முப்பத்தோராவது மீட்டரில் நிற்பவரைப் பற்றிக்
கையேட்டில் ஒரு வரியும் இல்லை.

தூரம் கணிப்பதில் அணியிலேயே நான்தான் கெட்டிக்காரி.
சாலையிலிருந்து வாசல் எத்தனை எட்டு என்று
பதினாறு வருடக் கால்கள் சொல்லிவிடும்.
"ஜன்னல், நூற்றைம்பது," என்பான் உர்மோ.
ஒட்டுப்பலகைச் சுவர். வெட்டியெடுத்த சதுரம்.
மூன்றில் மூன்றும் உள்ளே.
யாரோ விசில் அடித்தார்கள்.
சிரித்தேன், பொய் சொல்ல மாட்டேன்,
மகிழ்ச்சியாகத்தான் இருந்தது.

டிசம்பர். மறுபடி வேன்.
கைமடிப்பில் ஆரஞ்சு, துவைத்தும் போகவில்லை.
ஹில்யேயின் பெட்டி சாலையோரம்,
வீடு உழாத வயலுக்கு அப்பால்.
சமையலறை விளக்கு.
ஜன்னலில் நின்று கை உயர்த்துகிறாள், தினமும் போல.

பதிலுக்கு எழுந்த என் கை பாதியில் நின்றது.
வலக்கண் மூடியிருந்தது.
எப்போது மூடினேன், தெரியாது.

அவளுக்கு ஒரு பார்சல்.
நீளம். பெட்டிக்குள் நுழையாது.
இறங்கி,
வயலைக் குறுக்கே வெட்டி,
எண்ணாமல் நடக்கப் பார்த்தேன்.