நீரில் மிதந்தது

குலசேகரம் ஆஸ்பத்திரியில்
சித்தா பிரிவு கடைசி அறை.
நான் வருமுன் அதில் சைக்கிள் விட்டிருந்தார்கள்.
மழை பெய்தால் இன்னும் டயர் மணக்கும்.

ஒரு புதன்கிழமை ஏசுவடியான் வந்தார்.
ரப்பர் பால் காய்ந்த நகங்கள்.
முப்பது வருடம்
குனிந்தும் குத்தவைத்தும் பால் வெட்டிய முட்டுகள்.

"இப்ப வலியே இல்ல டாக்டரே.
எட்டு மாசமா ஒரு நாளு விடாம வெட்டுக்குப் போறேன்.
இந்தப் பொடி தீரப்போவுது.
இங்க இதுமாதிரி கிட்டுமா?
மார்த்தாண்டத்துல வெல கூட்டிப்போட்டான்."

பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்.
ஒட்டிய தாளில் பேனா எழுத்து: வாத சூரணம்.
அதன் கீழே, சற்றுப் பெரிதாக: பக்க விளைவு கிடையாது.
செய்தவர் பெயர் இல்லை. தேதி இல்லை.

விரலில் தேய்த்தேன், ரேகையில் ஏறியது.
தண்ணீரில் தூவினேன், மிதந்தது.
நாக்கில் வைத்தேன், கசந்து பிறகு உறைத்தது;
சுக்கு சேர்த்திருக்கிறான்.
நான் படித்த சோதனைகளில் பொடி தேறிவிட்டது.

தேறாதது அவர் முகம்.
முகத்தை நிலவு என்றால் நம் மொழியில் புகழ்ச்சி,
அறிகுறிப் பட்டியலில் அப்படி இல்லை.
முன்கையில் ஞாவல்பழக் கறைபோலத் திட்டுகள்,
எங்கேயும் இடித்த ஞாபகம் இல்லையாம்.
சர்க்கரை முந்நூற்றுப் பன்னிரண்டு.
ஆளு நல்லா தெளிஞ்சிட்டாருன்னு
சர்ச்சில் எல்லாரும் சொல்கிறார்களாம்.

படிவத்தில் ஈயம், பாதரசம், ஆர்சனிக் குறித்தேன்.
கடைசியில் மனசில்லாமல்
ஸ்டீராய்டு என்றும் எழுதி
இரண்டு ஸ்பூன் சென்னைக்கு அனுப்பினேன்.

பொடியை இன்றே நிறுத்துங்கள் என்று
வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டு
முற்றம் தாண்டி அவரைக் கூட்டிக்கொண்டு போனேன்.
டாக்டர் ஷெர்லின் முகத்தைப் பார்த்ததும்
ஒன்றும் கேட்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டார்.
ஓடாத மின்விசிறிக்குக் கீழே
வாரத்துக்கு எவ்வளவு குறைப்பது என்று
இரண்டு பேரும் ஒரே தாளில் எழுதினோம்.

நாற்பத்தொன்றாம் நாள் முடிவு வந்தது.
ஈயம் இல்லை. பாதரசம் இல்லை.
டெக்ஸாமெத்தசோன் இருக்கிறது.

நம் ஏட்டு மருந்து தப்பித்தது என்று
ஒரு நொடி நிம்மதி.
அந்த நொடியை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

இங்கிலீசு மருந்து குடலைத் தின்னும் என்று பயந்தவர்
பொடித்த இங்கிலீசு மாத்திரையைத்
தேனில் குழைத்து எட்டு மாதம் நக்கியிருக்கிறார்.

"உங்க பொடிக்குள்ள எங்க மாத்திரைதான் வேலை பாத்திருக்கு"
ஷெர்லின் சிரித்தார். எனக்கு வரவில்லை.
பிறகு அவரே கேட்டார்:
"பக்கவாதத்துல விறைச்ச தோள்பட்டைக்கெல்லாம்
வர்மத்துக்கு உங்ககிட்ட அனுப்புறேனே, கேக்குதா?"
நோட்டை விரித்துக் காட்டினேன்.
ஐம்பத்தாறு பேர். பதினேழு பேருக்கு ஒன்றுமே இல்லை.
அவர் அந்தப் பதினேழைத்தான்
ரொம்ப நேரம் படித்துக்கொண்டிருந்தார்.

ஏசுவடியானுக்கு மறுபடி முட்டு வலிக்கிறது.
படி ஏறாமல் கீழேயே நின்றார்.
"இங்கிலீசு வேண்டாம்ணுதானே உங்ககிட்ட வந்தேன்.
செரி, அது களவு மருந்து.
எட்டு மாசம் எனக்க முட்டு வலிக்கலியே டாக்டரே,
அது பொய்யா?"

பொய் இல்லை என்றேன், ஒட்டியிருந்த பெயர்தான் பொய்.
அது அவருக்கு ஒரு பதிலாக இல்லை.
எண்ணெயை வாங்கினார்,
மூடியைத் திறந்து மோந்து பார்த்தார்,
"இதுக்குள்ள என்ன உண்டு?"

எந்த நோயாளியும் அதுவரை கேட்டதில்லை.
ஒவ்வொன்றாகச் சொன்னேன். தலையாட்டாமல் கேட்டார்.

சாயங்காலம் கதவைச் சாத்திவிட்டு
என் அலமாரியை நானே வாசித்தேன்:
தொகுதி எண், செய்த தேதி, காலாவதி.
மூன்றாம் தட்டில் ஒரு தைலம்,
எண் இருந்த இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும்.
தனியாக எடுத்து மேசையில் வைத்தேன்.

பாதிக்குமேல் காலி.
நேற்று வரை கொடுத்துக்கொண்டிருந்தேன்.