காபிக் கோப்பைப் பொத்தான்

யெர்கோ மாற்றலாகிப் போனதும்
அவர் கணினி எனக்கு வந்தது.
விசைகளுக்கிடையே ரொட்டித்தூள்,
பின்னால் மாகெல்லன் நீரிணையைப் பார்த்த ஜன்னல்.
புன்ட்டா அரேனஸில் காற்று
கதவைத் தட்டிவிட்டு வருவதில்லை.

கடிதம் எழுதத் திறந்தால்
கருவிப்பட்டை மொட்டையாய்க் கிடக்கிறது.
தடித்த எழுத்து இல்லை, சாய்வு இல்லை,
அடிக்கோடு இல்லை, வண்ணமும் இல்லை.
துறைமுக அலுவலகத்தில் எதையும்
அழுத்திச் சொல்லத் தேவையில்லையென்று
நினைத்திருப்பார் போல.
பழைய மென்பொருள் அது.
ஆல்ட்டை அழுத்திக்கொண்டு
பொத்தானைக் கீழே இழுத்துவிட்டால் போதும்,
சத்தமில்லாமல் போய்விடும்.

மிச்சம் நான்கு:
அச்சிடு, ஒட்டு, சேமி,
அதற்குப் பக்கத்தில் ஒரு காபிக் கோப்பை.
சுட்டியை மேலே வைத்தால்
மஞ்சள் குறிப்பில் ஒரு புள்ளி மட்டும்.

சிப்பி எடுக்க உரிமம் கேட்டவருக்கு
இரண்டாம் பத்தி எழுதும்போது அழுத்தினேன்,
விளையாட்டாகத்தான்.
கட்டணம் செலுத்தும் வரிக்கும்
தங்கள் உண்மையுள்ளவுக்கும் நடுவே
வந்து உட்கார்ந்தது:
"பதினொரு நாள் தேடியும் உடல் கிடைக்கவில்லை.
தேடல் இன்றுடன் நிறுத்தப்படுகிறது."
கீழே அன்றைய தேதி.

வால்பரைசோவுக்குத் தொலைபேசினேன்.
"அதுவா, மரிட்சா," என்றார்.
"முதல் தடவை அதைத் தட்டச்சு செய்ய
ஒரு மதியம் முழுக்க ஆனது.
இரண்டாம் தடவையும் அப்படியே.
அப்புறம்தான் பதிந்து வைத்தேன்."
கோப்பை ஏன் என்றேன்.
"இருந்த படங்கள் கொஞ்சம்தானே?
சிரிக்கும் முகம், இதயம், மணி.
வேறெதை வைக்கச் சொல்கிறாய்?"
பிறகு அங்கே வெயிலா என்று கேட்டார்,
இங்கே வெயில் என்று தானே சொன்னார்.

தடித்த எழுத்தைத் திரும்பக் கொண்டுவந்தேன்.
அட்டவணை, சொல்லெண்ணிக்கை, அளவுகோல்,
எனக்கு எல்லாம் கண்முன் வேண்டும்.
கோப்பையை மட்டும்
வலது கோடிக்குத் தள்ளி வைத்தேன்,
கை தவறிப் படாத தூரத்துக்கு.
வெளியே இழுத்துவிடவில்லை.
விட்டால் நானல்லவா தட்டச்சு செய்ய வேண்டும்.

ஜூலையில் தோன்யா எல்பா என்ற படகு.
செகுந்தோ ஒயர்சோ, அவர் மச்சான் ஹெரால்டோ,
சமையலுக்குப் போன பையன்.
மூன்று வீடு, மூன்று கடிதம்.
முதல் கடிதத்தில் கோப்பையை அழுத்திவிட்டுப்
பையனின் தாய்வழிப் பெயருக்கு
ஒரு எஸ்ஸா இரண்டா என்று
பார்த்துக்கொண்டிருக்கும்போது தொலைபேசி.
தெற்கே பெயர் தெரியாத கால்வாயொன்றில்
யாரோ சிப்பிக்காரனின் கூடாரத்தில்
மூன்று பேரும் நண்டு தின்கிறார்களாம்.
ரேடியோ நனைந்து போச்சாம்.
ஏன் இவ்வளவு நேரம் என்று
நம்மைத் திட்டுகிறார்களாம்.

செய்ததைத் திரும்பப்பெறும் அந்த வளைந்த அம்பைத்
தேடினேன். பட்டையில் இல்லை.
யெர்கோ அதையும் எடுத்திருக்கிறார்.
அத்தனை வருடத்தில்
அவருக்கு அது தேவைப்படவே இல்லை.
பட்டியலுக்குள் துழாவித் திறந்து எடுத்தேன்.
ஒரே அழுத்து.
இரண்டு வரியும் தேதியும் பின்வாங்கின.

அம்பை இழுத்து வந்து
கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

அதன்பின் நான்கு படகுகள்.
கோப்பையை அழுத்தியதும்
அச்சிடப் போவதில்லை நான்.
அம்பின் மேல் சுட்டியை வைத்துக்கொண்டு
கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பேன்.