வெறும் அறை

ஹாப்சோனில் அந்த வீட்டுக்கு
நாங்கள் ஏழாவது குழுவாம்.
கேட்குமுன்பே இடது சட்டைக் கையைச் சுருட்டித்
தழும்பை ஜன்னல் பக்கம் திருப்பினார் தோ புன்-நாம்.
"ஃபோகஸ் கிடைத்ததும் சொல்லுங்கள், ஆரம்பிக்கிறேன்."

ஹிரோஷிமா. ஒன்பது வயது.
ரேஷன் வரிசையில் தம்பியை நிறுத்திவிட்டு
செருப்பு வார் அறுந்ததென்று வீட்டுக்குத் திரும்பியது.
மணி, பாலம், ஆற்றின் பெயர்,
எங்கேயும் தடுக்கவில்லை.
ஓரிடத்தில் மட்டும் தானாக நிறுத்தி
"இங்கேதான் ஒசாகாக்காரர்கள் அழச் சொன்னார்கள்.
உங்களுக்கும் வேண்டுமா?" என்றார்.
கி-யோல் கேமராவுக்குப் பின்னால்
முகத்தை ஒளித்துக்கொண்டான்.

எனக்கு வேண்டியது வேறு.
பேட்டி முடிந்ததும் ஒரு நிமிடம்
யாரும் பேசாத அறையைப் பதிவுசெய்வேன்,
வெட்டிய இடங்களில் ஒட்டுப்போட.

பதினெட்டாவது நொடியில் ஃபிரிட்ஜ் உறுமியது.
நான் வாய் திறக்குமுன் எழுந்துபோய்
பிளக்கைப் பிடுங்கிவிட்டு வந்து உட்கார்ந்தார்.
"போன தடவையும் இதுதான் கெடுத்தது."

மறுபடி முதலிலிருந்து.
ஹெட்ஃபோனுக்குள் அறை பெருத்தது.
பாய் நெரிபடுவது, மூக்கில் மெல்லிய சீழ்க்கை,
பூண்டு வயலில் எங்கோ ஒரு மோட்டார்.
பிறகு
உதடு அசையாமல்
தொண்டைக்குள்ளேயே ஒரு பெயர்.
இரண்டே அசை.
ஏழு குழுவும் கேட்காமல் விட்டது.
கதை முழுக்க அவன் வெறும் தம்பி.

புசான் சாலையில், சுங்கச்சாவடி வரிசையில்,
பிளக் ஞாபகம் வந்து போன் செய்தேன்.
"உங்கள் வேன் வளைவு திரும்புமுன்பே செருகிவிட்டேன்,
கிம்ச்சிக்கு ஒன்றுமில்லை.
அந்த நிமிடம் ஒழுங்காக வந்ததா?"

வந்தது,
வேறு சத்தமே இல்லை என்றேன்.